வாவிக்கரையில் மண்டபம்: மாரி மழைக்கு எந்த ஏற்பாடு?

எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில், வாவியைத் தொட்டபடி எண்பது பேர்ச், அதாவது அரை ஏக்கர், காணி இருக்கிறது. வீதிப் பக்கம் மேடு, வாவிப் பக்கம் பள்ளம். கரையோரத்தில் கண்ணா, தில்லை என்ற கண்டல் மரங்கள் நிற்கின்றன. இடையிடையே பன்னும் புல்லும். அதில் ஒரு பொதுமண்டபம் எழும்ப வேண்டும் என்று சங்கம் ஏறாத படியில்லை. இந்த வருடம் ஒதுக்கீடு வந்துவிட்டது. ஆனால் வந்தது புரட்டாதியில். விலைமனு கோரி, ஒப்பந்தம் எழுதி, இயந்திரம் காணிக்குள் இறங்கும்போது கார்த்திகை பிறந்திருக்கும். அரசாங்கத்தின் நிதியாண்டோ டிசம்பர் 31ஆம் திகதியுடன் முடிகிறது. செலவழிக்காத பணம் திரும்பிப் போய்விடும் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. ஆக, வானம் பொத்துக்கொண்டு ஊற்றும் மாதங்களில்தான் நாங்கள் அரை ஏக்கர் நிலத்தின் தோலை உரிக்கப் போகிறோம்.

சென்ற கூட்டத்தில், காணிக்குள் விழும் மழைத் தண்ணீரை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தபோது ஆளுக்கொரு வழி சொன்னார்கள். கொங்கிறீட் வடிகால் போட்டு நேராக வாவியில் விட்டுவிடலாம் என்றார் பொருளாளர் அண்ணன். துணி வேலி போதும் என்றார் ஒருவர். குளம்போல ஒரு குழி வெட்டுவோம் என்றார் இன்னொருவர். கரையில் நிற்கும் பற்றையைத் தொடாமல் விட்டாலே போதும் என்றார் மீனவர் சங்கத்து மாமா. தை பிறக்கும்வரை மண்ணில் கை வைக்க வேண்டாம் என்று நான் சொன்னேன். அதை யாரும் விரும்பவில்லை. ஐந்தையும் ஒப்பிட்டு எழுதித் தரும்படி கேட்டார்கள். சத்துருக்கொண்டானிலிருந்து கல்லாறு வரை இதே மாதிரிக் காணிகளில் இதே மாதிரி வேலைகள் நடப்பதால், எழுதியதைப் பொதுவிலும் வைக்கிறேன்.

வண்டல் நல்லதுதானே?

கூட்டத்தில் ஒருவர் கேட்ட கேள்வி இது. வயல் செய்கிறவர் அவர். கேட்டதில் நியாயம் இருக்கிறது. வெள்ளம் வடிந்தபின் வயலில் படியும் மெல்லிய வண்டலை நாங்கள் வரமாகத்தான் பார்த்து வந்திருக்கிறோம். வாவியின் ஓரம் வயல் அல்ல. அங்கே முழங்கால் அளவுத் தண்ணீருக்கடியில் நீர்ப்புல் வளர்கிறது. அது வளர வெளிச்சம் வேண்டும். கடலிலிருந்து முகத்துவாரத்தின் வழியாக உள்ளே வரும் இறால் குஞ்சுகள் அந்தப் புல்லுக்குள்ளும் கண்டல் வேர்களுக்குள்ளும் ஒளிந்துதான் பெரிதாகின்றன. பிறகு கடலுக்குத் திரும்புகின்றன. தண்ணீர் கலங்கியே கிடந்தால் புல்லுக்கு வெளிச்சம் போகாது. சேறு படிந்தால் அடியில் ஒட்டியிருக்கும் மீன் முட்டைகளுக்கு மூச்சு முட்டும். கண்ணா மரத்தின் மூச்சுவேர்கள் பென்சில் நட்டுவைத்ததுபோலச் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கின்றனவே, அவற்றின் உயரமே ஒரு சாண் அளவுதான். அதற்கு மேல் மண் ஏறினால் மரம் நின்றபடியே மூச்சடைத்துச் சாகும்.

எங்கள் வாவியின் அமைப்பும் இதற்கு உதவுவதில்லை. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம்; கடலோடு கலப்பது வடக்கே பாலமீன்மடுவுக்கு அருகிலுள்ள முகத்துவாரத்திலும் தெற்கே கோட்டைக்கல்லாற்றுப் பக்கத்திலும்தான். அந்த வாய்களையும் மணல் திட்டு அடைத்துக்கொள்ளும். மாரி வெள்ளத்தில்தான் உடையும் அல்லது வெட்டி விடுவார்கள். இலங்கைக் கரையில் கடல் ஏற்றவற்றமும் ஒரு மீற்றருக்குக் குறைவானது. நாள்தோறும் உள்ளே வந்து கழுவிக்கொண்டு போகும் பலம் அந்த ஏற்றவற்றத்துக்கு இல்லை. இரண்டு வாய்க்கும் நடுவே கிடக்கும் எங்கள் காணிக்கு எதிரே விழுந்த சேற்றில் பெரும்பங்கு எங்கள் காணிக்கு எதிரேயே கிடக்கும்.

எவ்வளவு சேறு என்பதற்கு ஓர் அளவு சொல்கிறேன். அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் தரும் கணக்கின்படி, கட்டுமானத் தளத்திலிருந்து மழை அடித்துக்கொண்டு போகும் மண், விவசாய நிலத்திலிருந்து போவதைப்போலப் பத்து முதல் இருபது மடங்கு. காட்டு நிலத்திலிருந்து போவதைப்போல ஆயிரம் முதல் இரண்டாயிரம் மடங்கு. அந்தக் கணக்கு அந்த நாட்டுக்குரியது என்றாலும் காரணம் எல்லா இடத்துக்கும் ஒன்றுதான். புல்லும் சருகும் மூடிய நிலத்தில் மழைத்துளி மண்ணைத் தொடுவதே இல்லை. திறந்த மண்ணில் ஒரு பெரிய துளி மணிக்கு முப்பது கிலோமீற்றர் வேகத்தில் வந்து அடித்து மண்துகளைத் தெறிக்க வைக்கிறது. ஓடும் தண்ணீர் அதைத் தூக்கிக்கொள்கிறது. மண்ணோடு ஒட்டிக்கொண்டு பொசுபரசும் போகிறது. ஏற்கெனவே ஆற்றுவாழையால் திணறும் ஒதுக்குப்புறங்களுக்கு அதுவே பசளை.

சென்ற மாரியில் பக்கத்து ஊரில் ஒரு வேலைத்தளத்துக்கு நேரே நான் கண்டதைச் சொல்ல வேண்டும். இரவெல்லாம் பெய்த மழை விடியலில் விட்டிருந்தது. வடிகால் வாயிலிருந்து வாவிக்குள் விசிறிபோல ஒரு சிவப்பு விரிந்திருந்தது. ஓரமாகக் கட்டியிருந்த வலையை மாமா இழுத்து எடுத்தார். கண்ணிக்குக் கண்ணி சந்தனம் அப்பியதுபோலக் கிறவல் பசை. தண்ணீரில் அலசினார், போகவில்லை. விரலால் ஒவ்வொரு கண்ணியாக வழித்தார். மீன் நாலைந்துதான் இருந்தது. “இதைக் கழுவவே பொழுது போய்விடும், மகன்” என்று சொல்லிவிட்டு வலையைத் தோணிக்குள் போட்டார். அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை.

மூன்று போத்தல்

ஒப்பீட்டைக் காகிதத்தில் தொடங்காமல் குசினி யன்னலில் தொடங்கினேன். ஜாம் போத்தல் மூன்று எடுத்தேன். ஒன்றில் எங்கள் காணியின் மேல்மண், அதாவது கரை மணல். மற்ற இரண்டிலும் காணியை உயர்த்தக் கொட்டப்போகும் கிறவல் ஒவ்வொரு பிடி. முதல் இரண்டிலும் கிணற்றுத் தண்ணீர், மூன்றாவதில் ஒரு கரண்டி உப்பும் சேர்த்தேன். மூடியை இறுக்கிக் குலுக்கி வைத்தேன்.

மணல் போத்தல் நான் கையை எடுப்பதற்குள் அடங்கத் தொடங்கி, தேநீர் ஊற்றி வருவதற்குள் தெளிந்துவிட்டது. கிறவல் போத்தலில் பருமனான துகள்கள் உடனே அடியில் விழுந்தன. மேலே தண்ணீர் மட்டும் பால்தேநீர் நிறத்தில் நின்றது. அடுத்த நாள் காலையிலும் அதே நிறம். உப்புப் போட்ட போத்தலில் களி திரண்டு, தயிர் திரிவதுபோலச் சின்னச் சின்னப் பஞ்சாகி, மாலைக்குள் கீழே இறங்கியிருந்தது.

இது பெரிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. துகளின் பருமனும் தண்ணீரில் அது விழும் வேகமும் பற்றிய பழைய விதிதான். மெல்லிய மணல் ஒரு மீற்றர் ஆழம் இறங்க இரண்டு நிமிடம் போதும். மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு பருமனுள்ள துகளுக்கு மூன்று மணித்தியாலம் வேண்டும். ஆயிரத்தில் ஒரு பங்கு பருமனுள்ள களித்துகளுக்கு ஒன்றரை வாரத்துக்கு மேல். வாவியின் உவர்நீரைத் தொட்டதும் களி திரண்டு படிந்துவிடும் என்று மூன்றாவது போத்தல் சொல்கிறது. அது நல்ல சேதி அல்ல. நடுவாவிக்குப் போய்க் கரைந்துவிடும் என்று நாங்கள் நினைக்கும் சேறு, கண்ணா வேருக்கும் நீர்ப்புல்லுக்கும் மேலேயே விழுகிறது என்பதுதான் அதன் பொருள்.

இந்தப் போத்தல்களை மனதில் வைத்துக்கொண்டு ஐந்து வழிகளையும் பார்க்கலாம். எழும்பிய சேற்றைப் பிடிக்கும் வழிகள் சில. சேறு எழும்பாமல் காக்கும் வழிகள் சில. இந்த வேறுபாடு கூட்டத்தில் யாருக்கும், எனக்கும்கூட, தெளிவாக இருக்கவில்லை.

நேர்வடிகால்

பார்க்க மிகவும் அழகானது இதுதான். காணியில் தண்ணீர் நிற்காது, அத்திவாரக் கிடங்கு காய்ந்திருக்கும், மேசன்மார் மழை விட்டதும் வேலைக்கு இறங்கலாம், படமெடுத்து அறிக்கையில் போடலாம். வாவியின் பக்கத்திலிருந்து பார்த்தால் இதைவிடக் கெட்ட வழி கிடையாது. புல்லிலும் பள்ளத்திலும் தங்கித் தங்கிப் போக வேண்டிய தண்ணீரை ஒரே வாயில் சேர்த்து வேகமாகத் தள்ளுகிறோம். வேகம் கூடினால் மண்ணைச் சுமக்கும் பலமும் கூடும். சீமெந்துக் கலவை கழுவிய தண்ணீரும் அதே வடிகாலில்தான் போகும். அதன் காரத்தன்மை பிஎச் அளவில் 12ஐத் தாண்டும். உவர்நீர் 8 அளவில் இருக்கும். மீன் குஞ்சின் செவுளுக்கு அது நெருப்பு. இந்த வழியை நான் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டேன். பொருளாளர் அண்ணன் வருத்தப்படக் கூடாது. அவர் கேட்டது காய்ந்த காணி, அதற்கு வேறு வழி கீழே இருக்கிறது.

துணி வேலி

செலவு குறைந்தது, ஒரே நாளில் கட்டிவிடலாம். நெருக்கமாக நெய்த துணியைக் கம்புகளில் இழுத்துக் கட்டி, கீழ் விளிம்பை அரையடி ஆழச் சாலுக்குள் புதைத்து மண் இட்டு மிதிக்க வேண்டும். வேலி தண்ணீரை வடிகட்டுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது தண்ணீரைத் தேக்குகிறது. தேங்கிய தண்ணீர் மெதுவாகக் கசியும் நேரத்தில் மணலும் பருமனான வண்டலும் இந்தப் பக்கமே படிகின்றன. களி துணிக்குள்ளால் போய்விடும். முதல் போத்தலுக்கு இது முழு மருந்து, இரண்டாவது போத்தலுக்கு அரை மருந்துகூட இல்லை.

அமெரிக்க நடைமுறையில் கால் ஏக்கருக்கு நூறு அடி வேலி என்பது வழமையான அளவு. எங்கள் காணியின் வாவிப் பக்கம் நூற்றிருபது அடி. இரண்டு கரையிலும் நாற்பது நாற்பது அடி மேட்டுப் பக்கமாக மடக்கிக் கட்டினால் இருநூறு அடி. அரை ஏக்கருக்குக் கணக்குச் சரியாக வருகிறது. மடக்காமல் நேர்கோடாகக் கட்டினால் தண்ணீர் இரண்டு முனையையும் சுற்றிக்கொண்டு போய்விடும்.

துணி விடயத்தில் ஒரு சொல். நாற்றுமேடைக்கு மேலே கட்டும் பச்சை நிழல்வலையை வேலியாகக் கட்டியிருப்பதை நான் பல இடங்களில் காண்கிறேன். அதன் கண் பெரிது. தூசியை மறைக்கும், சேற்றை மறைக்காது. ஜியோடெக்ஸ்டைல் துணி கிடைக்காவிட்டால், யூரியா வரும் உரப்பையைப் பிரித்து இரண்டு மடிப்பாகத் தைத்துக் கட்டுவது மேல். விலைக்கு விற்கும் வேலித்துணிகளில் பலவும் அதே மாதிரிப் பொலிப்புரொப்பிலீன் நெசவுதான்.

வேலியின் உண்மையான செலவு கட்டும் நாளில் இல்லை, பிறகுதான் வருகிறது. படிந்த மண் வேலியின் பாதி உயரத்தைத் தொடுவதற்குள் வெட்டி அள்ள வேண்டும். சாய்ந்த கம்பை நிமிர்த்த வேண்டும். அடியில் ஓட்டை விழுந்த இடத்தை அந்த மழைக்குள்ளேயே அடைக்க வேண்டும். ஆள் பொறுப்பில்லாத வேலி மூன்றாவது மழையில் கொடியில் காய்கிற சேலைதான்.

படிவுக் குழி

தண்ணீரை ஒரு குழிக்குள் விட்டு, மண் படிந்தபின் மேல்தண்ணீரை வெளியேற்றுவது. கொள்கையில் நல்ல வழி. அமெரிக்காவில் கட்டுமான அனுமதிக்குக் கேட்கும் கொள்ளளவு ஏக்கருக்கு 3,600 கன அடி; எங்கள் அரை ஏக்கருக்கு 1,800 கன அடி, சுமார் 51 கனமீற்றர்.

எங்கள் மண்ணில் அது எப்படி நிற்கும் என்று பாருங்கள். ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் மழை மாரியில் எங்களுக்குப் புதிதல்ல. அரை ஏக்கரில் அது 200 கனமீற்றர் தண்ணீர். பாதி மண்ணுக்குள் இறங்கிவிட்டது என்று வைத்தாலும் மீதி ஒரு இலட்சம் லீற்றர், ஐயாயிரம் லீற்றர் பவுசர் இருபது. குழி கொள்வது அதில் பத்துப் பவுசர். மீதி வந்த வேகத்திலேயே வெளியே போகும். உள்ளே நின்றதிலும் மணலும் வண்டலும் படியும். களிக்கு வேண்டிய நாட்களை அடுத்த மழை கொடுக்காது.

இன்னொரு சிக்கலை அமெரிக்கப் புத்தகம் சொல்லாது, எங்கள் ஊர்க் கிணறு சொல்லும். கார்த்திகை முடிவில் வாவிக்கரையில் இரண்டு அடி தோண்டினால் தண்ணீர் ஊறி நிற்கும். ஆழக் குழி வெட்டினால் முதல் மழைக்கு முன்பே அது நிலத்தடி நீரால் நிரம்பியிருக்கும். புதிதாக வரும் தண்ணீருக்கு அங்கே இடம் எங்கே?

ஆகவே குழி என்ற எண்ணத்தையே விட்டுவிட்டு வயலைப் போல யோசிக்கலாம் என்று நினைக்கிறேன். தோண்ட வேண்டாம், வரம்பு கட்டுவோம். காணியின் கீழ்ப்பகுதியில் இரண்டு அடி உயர வரம்பால் வளைத்துத் தொள்ளாயிரம் சதுர அடி, அதாவது மூன்று பேர்ச்சுக்குச் சற்று மேல். நடுவே ஒரு குறுக்கு வரம்பு போட்டு இரண்டு வரவையாகப் பிரித்து, வக்கடையை, அதாவது வரம்பில் தண்ணீர் போகும் வாயை, ஒன்றுக்கொன்று எதிர் மூலையில் வைத்தால் தண்ணீர் நெடுந்தூரம் நடந்து போகும். நடக்கும் தூரத்தில் மண் விழும். கடைசி வக்கடைக்குக் கருங்கல் சல்லி போட்டு அரிப்பைத் தடுக்க வேண்டும். வரம்பு கட்டத் தெரிந்தவர்கள் எங்கள் சங்கத்திலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். பிற்பாடு அந்த இடமே வாகனத் தரிப்பிடமாகலாம்.

வேலியை விட இது நல்லதா? மணலுக்கு இரண்டும் ஒன்றுதான். வண்டலுக்கு வரம்பு தெளிவாக மேல். களிக்கு இரண்டும் தோல்வி.

கரைப் பற்றை

மாமா சொன்ன வழி. புல்லும் கண்டலும் நிற்கும் கரையை ஐம்பது அடி அகலத்துக்குத் தொடாமல் விடுவது. ஐம்பது அடி என்பது அமெரிக்க அனுமதியிலும் உள்ள அளவு. அடர்ந்த புல்லுக்குள் தண்ணீர் பரந்து மெதுவாகப் போகும்போது மண் படிகிறது, கொஞ்சம் நிலத்துக்குள் இறங்குகிறது, பொசுபரசில் ஒரு பங்கை வேர் எடுத்துக்கொள்கிறது. வேலியைப்போல இதற்கு ஆள் வேண்டாம். வேலை முடிந்தபிறகும் நிற்கும். சங்கத்துக்கு இதன் விலை காணிதான்: நூற்றிருபது அடி முகப்பில் ஐம்பது அடி ஆழம் என்றால் இருபத்திரண்டு பேர்ச், காணியில் கால் பங்குக்கு மேல். அத்தனையையும் விட மனமில்லை என்று சிலர் முகத்திலேயே தெரிந்தது.

ஆனால் அந்த இருபத்திரண்டு பேர்ச்சும் 2011 சனவரி வெள்ளத்தில் தண்ணீருக்கடியில் கிடந்தது என்பதை அன்று ஊரிலிருந்த எல்லோரும் அறிவார்கள். அங்கே கட்டப்படும் எதையும் வாவி ஒரு நாள் கேட்டு வரும். மண்டபத்தை வீதிப் பக்கம் பதினைந்து அடி தள்ளினால் படம் மாறும், இடம் குறையாது.

இங்கே ஓர் எச்சரிக்கை: பற்றை சேற்றைத் தின்னும் தொட்டி அல்ல. வேலியும் வரம்பும் இல்லாமல் வேலைத்தளத்துச் சேறு முழுவதையும் கண்ணா மரத்தின் மீது விட்டால், மூச்சுவேர் புதைந்து மரமே போகும். கடைசிக் காவல்தான் அது.

சட்டத்தைப் பற்றியும் சிலர் கேட்டார்கள். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் வரையறுக்கும் கரையோர வலயத்துக்குள் காணி விழுந்தால் அபிவிருத்தி வேலைக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். காணி உள்ளே விழுகிறதா என்பதைக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்வோம். உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் அம்பாறையின் குமண இருக்கிறது, எங்கள் வாவி இல்லை. இறால் குஞ்சு பட்டியல் பார்த்து வருவதில்லை.

மூடுவதும் காத்திருப்பதும்

இனி நான் சொன்ன வழி. இதில் இரண்டு பங்கு இருக்கிறது: திறந்த மண்ணை உடனே மூடுவது, மாரியில் புதிதாகத் திறக்காமலிருப்பது.

மூட வைக்கோல் போதும். துளியின் அடியை வைக்கோல் வாங்கிக்கொள்கிறது; மண் எழும்புவதே இல்லை. எழும்பாத களியைப் பிடிக்க வேண்டியதும் இல்லை. அரை ஏக்கருக்கு ஒரு தொன் அளவில் பரப்பினால் மண் தெரியாது. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் சிறுபோக அறுவடை முடிந்தபின் வைக்கோல் கிடைக்கிறது. சில வயல்களில் எரித்தே விடுகிறார்கள். ஒரு உழவு இயந்திரப் பெட்டி நிறைய மண்முனைப் பாலத்தால் கொண்டுவந்து தகரத்தின் கீழ் அடுக்கிவிட்டால், கார்த்திகையில் தேடி அலைய வேண்டியதில்லை. சரிவான இடத்துக்குக் கிடுகு அல்லது தும்புப் பாய் விரித்துக் கம்பு அறையலாம். வைக்கோல் காற்றில் பறக்கும், மாடு தின்னும்; கயிறு இழுத்துக் கட்ட வேண்டும், வாசலை மூட வேண்டும். குறை அவ்வளவுதான்.

காத்திருப்பதுதான் கடினமான பங்கு. மட்டக்களப்பின் ஆண்டு மழை 1,600, 1,700 மில்லிமீற்றர் அளவில். அதில் பெரும்பகுதி ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரையில் விழுந்துவிடுகிறது. 1978இன் சூறாவளி வந்தது நவம்பர் 23இல். மே முதல் செப்டெம்பர் வரையில் கச்சான் காற்றில் மண் தூசியாகப் பறக்கலாம், வாவிக்குள் ஓடாது. அதே கிறவலை அதே டிப்பரால் கார்த்திகையில் கொட்டுவதற்கும் சித்திரையில் கொட்டுவதற்கும் செலவில் வித்தியாசம் இல்லை. வாவிக்கு வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும்.

டிசம்பர் 31 என்ற சுவரை என்ன செய்வது? மண்ணைத் திறக்காமல் செய்யக்கூடிய வேலைகளை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். கம்பி வாங்கி வெட்டி வளைப்பது, சீமெந்துக் கல் அரிவது, யன்னல் கதவு நிலைகள் செய்விப்பது, சல்லி மணல் இறக்கி மூடி வைப்பது, வீதியோர மதில், மின் இணைப்புக்கான கட்டணம். வேலைத்திட்டத்தை இந்த ஒழுங்கில் எழுதித் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கொடுத்தால், இந்த வருட ஒதுக்கீட்டில் பெரும்பங்கை மண்வெட்டி படாமலே கணக்கில் காட்டலாம் என்பது என் நம்பிக்கை. அதற்கு அவர் சம்மதிக்க வேண்டும்; அடுத்த திங்கட்கிழமை சங்கத்தலைவர் போய்ப் பேச வேண்டும்.

நான் எதைத் தெரிவேன்

எங்கள் காணிக்கு: மண்வேலையைத் தைப்பொங்கலுக்குப் பின், மழை ஓய்ந்ததும் தொடங்குவது முதலாவது. கரைப் பற்றையில் ஐம்பது அடியை விடுவது இரண்டாவது. இதில் நான் பேரம் பேசத் தயாரில்லை. இந்த இரண்டும் கிடைத்தால் வேலியும் வைக்கோலும் போதும், வரம்பு கட்டி வரவை அமைக்க வேண்டிய தேவை இராது. காத்திருக்க முடியாது என்று உத்தியோகத்தர் மறுத்துவிட்டால், ஐந்தில் வடிகாலையும் காத்திருப்பையும் விட்டு மீதி எல்லாமே வேண்டும். அப்போதும் அத்திவாரத்துக்குத் தேவையான அளவு நிலத்தை மட்டும் திறந்து, மற்றதைப் புல்லோடு விட வேண்டும். முழு அரை ஏக்கரையும் பெக்கோவால் ஒரே நாளில் வழித்துவிடுவது ஒப்பந்தக்காரருக்கு வசதி. அந்த வசதிக்கு விலை கொடுப்பது மாமாவின் வலை.

கிறவலைக் குறைத்து மணல் கொண்டு நிரப்பலாமே என்று போத்தலைப் பார்த்த என் தங்கை கேட்டாள். வாவிக்கு அது நல்லது. மணல் அள்ளப்படும் ஆற்றுக்குக் கெட்டது. மண்டபத்தின் தளத்தைத் தூண்களில் உயர்த்தினால் நிரப்பும் மண்ணையே பாதியாக்கலாம். பொறியியலாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது.

பத்துப் பதினைந்து பேர்ச்சில் வீடு கட்டுகிறவர்களுக்கு இத்தனை ஏற்பாடு தேவையில்லை. கிறவலை வீதியோரம் குவிக்காமல் உள்ளே குவித்துத் தறப்பாளால் மூடுங்கள்; பள்ளப் பக்கம் உரப்பையில் மணல் நிரப்பி ஒரு வரிசை அடுக்குங்கள்; கலவை கழுவும் தண்ணீரை ஒரு கிடங்குக்குள் விட்டுக் காயவிடுங்கள், கட்டியானதும் அள்ளிவிடலாம். உள்வீதி போடுகிறவர்களுக்கு நிலைமை வேறு. அது நீண்டு கிடக்கும் வேலை, எல்லா இடத்திலும் வேலி கட்ட இயலாது. ஒரு நாளில் மூடக்கூடிய நீளத்தை மட்டும் அன்று திறப்பதே அங்கே சரிவரும்.

ஒப்பந்தத்தில் சேர்க்க மூன்று வரி எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று, வேலி எழும்பிப் பார்வையிடப்பட்ட பிறகே இயந்திரம் காணிக்குள் வரலாம். இரண்டு, ஏழு நாளுக்கு மேல் வேலை நடக்காத திறந்த மண் மூடப்பட வேண்டும். மூன்று, ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அன்றைக்கே வேலியைப் பார்த்துத் திருத்த வேண்டும். திருத்தாவிட்டால் அந்தக் கிழமைக் கொடுப்பனவு நிறுத்தப்படும். பார்ப்பதற்குச் சங்கத்தின் பக்கமிருந்து இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நான். மற்றவர் மாமாவாக இருந்தால் நல்லது. விடியற்காலை நாலு மணிக்கு அவர் எப்படியும் கரையில்தான் நிற்பார். ஒரு டோர்ச்சும் மண்வெட்டியும் சங்கக் கணக்கில் வாங்கித் தரும்படி கேட்டிருக்கிறேன்.